அத்தானின் பொயிலருக்குப் புதுப் பைப் பூட்டிய கதை

என் பாசத்துக்குரிய அத்தானுக்கு,

நான் அப்போதே சொன்னேன். உங்கள் பொயிலரில் முதலில் கைவிடப்போவது அந்தப் பிளாஸ்ரிக் பைப்தான் என்று சொன்னேன். நீங்கள் போய் ஒரு வருசம் முடியும் முன்னமே அக்கா ஷெட்டை வெறுமையாக்கப் பார்ப்பா என்று சொன்னேன். உங்கள் ஆண்டுத் திவசத்தன்று என்ன நடக்கும் என்பதையும் ஒன்றும் பிசகாமல் சொன்னேன். யாரிடம் சொன்னாய் என்று கேட்பீர்கள். லூயிஷாமில் ரயில் ஏறும்போது எனக்குப் பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவரிடம் சொன்னேன். தமிழில்தான் சொன்னேன். மனிதர் தலையாட்டினார். சாட்சி இருக்கிறது.

உங்கள் நினைவு மலருக்கு நான் எழுதிக் கொடுத்ததைத் தாரணி வெட்டிக் குறைத்துவிட்டாள். உங்கள் மகள்தானே, கொஞ்சமும் தயவு பார்க்கவில்லை. "மாமா, ஒரு பக்கம்தான் தரலாம். அதுக்குள்ள அப்பான்ரை போட்டோவும் வரோணும்" என்றாள். என்னை ஒரு பக்கத்துக்குள் மடிக்க முடியுமா, அத்தான்? ஆகவே விட்டதையெல்லாம் சேர்த்து இதில் எழுதுகிறேன். நீங்கள் ஆறுதலாக இருந்து வாசியுங்கள். எனக்கு ஓரிடத்தில் குந்தி இருக்க முடியவில்லை. குசினியில், அடுப்புக்குப் பக்கத்து அலுமாரித் தட்டில் தாளை வைத்து, நின்றபடி எழுதுகிறேன். நடுவில் எழும்பிப் போகத் தேவையில்லை பாருங்கள், ஏற்கெனவே எழும்பித்தான் நிற்கிறேன்.

உங்களைத் தெரியாத சனமும் இதை வாசிக்கும் என்பதால், உங்களுக்குத் தெரிந்ததையே உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் என் அக்காவின் புருஷன். லண்டனில், செவன் கிங்ஸில் வீடு. தபாலகத்தில் கடிதம் பிரிக்கிற வேலையில் ஷிப்ட் ஷிப்டாக நின்று ஓய்ந்த பிறகு, பின்வளவு ஷெட்டுக்குள் சொந்தமாகப் பியர் காய்ச்சத் தொடங்கினீர்கள். அதற்கென்று ஒரு பொயிலர் வாங்கினீர்கள். கோயில் அன்னதானத்து அண்டா மாதிரி எவர்சில்வரில் ஒன்று, உள்ளே சூடாக்குகிற கம்பி, அடியில் ஒரு பைப். முளைகட்டிய பார்லியின் சாற்றை அதில் கொதிக்கவிட்டு, கசப்புக்கு ஹொப்ஸ் என்கிற பூவைப் போட்டு, ஆறியதும் பைப்பைத் திறந்து வாளிக்கு இறக்கி, ஈஸ்ற் தூவி மூடிவைத்தால் சில கிழமையில் பியர். நீங்கள் புத்தகம் புத்தகமாக வாசித்துத்தான் இதை விளங்கிக்கொண்டீர்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட நான், வாசலில் நின்று ஒருதரம் எட்டிப் பார்த்தே விளங்கிக்கொண்டேன்.

அந்தப் பைப் வாங்கிய நாளிலிருந்தே ஒழுகியது. கறுத்தப் பிளாஸ்ரிக், சிவப்புக் கைபிடி. கொதி பட்டுப் பட்டுக் கழுத்து இளகி, பூட்டிய பிறகும் சொட்டிக்கொண்டே இருக்கும். நீங்கள் கீழே ஒரு ஐஸ்கிறீம் பெட்டியை வைத்தீர்கள். பெட்டி நிறைந்தால் ரோசாவுக்கு ஊற்றினீர்கள். பூ அடைத்துக்கொண்டால் அகப்பைக் காம்பால் பைப்பின் தலையில் தட்டினீர்கள். பார்த்துக்கொண்டு நிற்க எனக்குக் கை உளையும்.

"அத்தான், உதை மாத்துவம். நான் குவைத்தில ராசகுடும்பத்து மாளிகைக்கே பைப் பூட்டினவன்."

"போன கிழமை கட்டார் எண்டெல்லோ சொன்னனி?"

"ரெண்டும் பக்கத்துப் பக்கத்து நாடுதானே."

"பைப் ஒழுகினா அடியில பெட்டி வைக்கலாம். உன்ரை வாய்க்கு என்னத்தையடா வைக்கிறது?"

ஜெராட் அண்ணை அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதுக்குள் நிற்கிறது. மன்னார் மனிதர், அப்டன் பார்க்கில் இருக்கிறவர். ஞாயிறு பூசை முடிந்ததும் கழுத்துப்பட்டியைக்கூடக் கழற்றாமல் நேரே உங்கள் ஷெட்டுக்கு வருவார். முதல் மிடறைக் குடித்ததும் அவருக்கு ஒரு கண் தன்பாட்டில் மூடும். ஏனென்றால், அத்தான், இப்போது ஒளிக்காமல் கதைக்கலாம், உங்கள் பியர் புளிக்கும். கொஞ்சமாகத்தான், நாக்கின் ஓரத்தில். ஆனால் புளிக்கும். நீங்கள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "குளிர் நாட்டுப் பார்லி அப்பிடித்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே அடுத்த கிளாஸை நிரப்பினீர்கள். நாங்களும் குடித்தோம்.

உங்கள் செத்தவீட்டுக்கு வந்த சனம் மிச்சமிருந்த போத்தல்களையும் குடித்து முடித்துவிட்டது. எட்டாம் நாள், எட்டுச்செலவுக்கு, உங்களுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து வாழையிலையில் படைத்தோம். ஆட்டிறைச்சி, நண்டுக் குழம்பு, முட்டைப் பொரியல், எல்லாம் இருந்தது. பியருக்கு என்ன செய்வது? ஜெராட் அண்ணை மூலைக்கடையில் ஒரு தகரப் பியர் வாங்கிவந்து உடைத்து வைத்தார். அக்கா அதைப் பார்த்தா.

"உதை அவர் கையாலையும் தொடமாட்டார்" என்றா. அவ்வளவுதான். அழவில்லை. செத்தவீட்டிலும் அழவில்லை. உங்கள் சட்டைகளை மடித்தா, போட்டோவுக்கு மாலை பின்னினா, வந்த சனத்துக்குத் தேத்தண்ணி ஊற்றினா. வருசம் முழுக்க எதையாவது செய்துகொண்டே திரிந்தா. தாரணி மட்டும் என்னை ஒருபக்கம் கூப்பிட்டுச் சொன்னாள். "மாமா, அம்மா சமைக்கிறா, ஆனா சாப்பிடுறேல்லை. சோத்துக் கோப்பையோடை நிண்டிட்டு அப்பிடியே கொட்டுறா."

கார்த்திகை மாதம், மழை தூறுகிற ஒரு பின்னேரம், நான் போய் இறங்கினால் உங்கள் பொயிலர் முன்வாசலில் நிற்கிறது. பக்கத்தில் வாளி, ஆறவைக்கிற செம்புச் சுருள், வெறும் போத்தல் பெட்டிகள். கவுன்சில் வண்டி வந்து பெரிய சாமான்களை ஏற்றுகிற நாளாம்.

"அக்கா, என்ன இது?"

"ஒழுகிற அண்டா. ஆர் இனி உதில காய்ச்சப்போகினம்? நீயோ?"

"ஓம், நான்தான்."

"உனக்கு முட்டை அவிக்கத் தெரியுமோடா?"

அப்போதுதான், அத்தான், உங்கள் கடைசி வார்த்தையை நான் வெளியே எடுத்தேன். ஆஸ்பத்திரியில், கடைசிக் கிழமை, அக்கா வீட்டுக்கு உடுப்பு மாற்றப் போயிருந்தா, நானும் நீங்களும் மட்டும் இருந்தோம். கையசைத்து என்னைக் கிட்டக் கூப்பிட்டீர்கள். மூக்குக் குழாயை விலக்கிவிட்டு, "தேவன், அந்தப் பைப்பை மாத்திவிடு. உன்னாலைதான் ஏலும்" என்றீர்கள். இதை அக்காவிடம் சொன்னேன். வாசலில், மழைக்குள் நின்றபடி சொன்னேன்.

அக்கா குனிந்து பொயிலரின் மேல் நின்ற மழைத்தண்ணியைக் கையால் வழித்தா. பிறகு அதன் ஒரு காதைப் பிடித்தா. மற்றக் காதை நான் பிடித்தேன். இரண்டு பேருமாகத் தூக்கி ஷெட்டுக்குள் திரும்பக் கொண்டுபோனோம். வைத்துவிட்டு நிமிர்ந்தவ கேட்டா:

"வேற ஒண்டும் சொல்லேல்லையோ?"

"இல்லை அக்கா. பைப் மட்டும்தான்."

"ம்."

சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு, "சரி. திவசத்துக்குள்ள உதில ஒரு வாய்க்காவது பியர் வரட்டும். வராட்டி நானே கவுன்சிலுக்கு அடிச்சுக் கூப்பிடுறன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனா. அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. கால் ஒரு இடத்தில் நிற்காது. லூயிஷாமிலிருந்து ரயில் மாறி மாறி உங்கள் வீட்டுக்கு வருவதே தொழிலாகிப்போனது. ரயிலில் இடமிருந்தாலும் இருக்கமாட்டேன். இருந்தால் ரயில் மெதுவாகப் போகிறது போலத் தெரிகிறது.

பைப் வாங்கியதைச் சொல்கிறேன். சாதாரணப் பைப் இல்லை. முழுக்க எவர்சில்வர், உள்ளே துளையுள்ள ஒரு உருண்டை. கைபிடியைக் கால்வட்டம் திருப்பினால் உருண்டை திரும்பி வழி விடும், திரும்பத் திருப்பினால் அடைக்கும். பூவை மறிக்கச் சல்லடைக் குழாய் ஒன்றும் உள்பக்கம் பூட்டலாம். கப்பலுக்குப் பூட்டுகிற தரம் என்று கடைக்காரனே சொன்னான். கடைக்காரன் சொல்லவில்லை என்றாலும் பார்த்தால் தெரியும்.

மார்கழிக் குளிரில் பழைய பைப்பைக் கழற்றினேன். தாரணி டோர்ச் அடித்தாள். பொயிலருக்குள் தோள்வரை கையைவிட்டு நட்டைப் பிடித்தால், அது வருசக்கணக்காக இறுகி அண்டாவோடு ஒரே உடம்பாகிவிட்டது. அக்கா கேற்றிலில் சுடுதண்ணி கொண்டுவந்து அதன் கழுத்தில் ஊற்றினா. இளகியது. துளையின் விளிம்பு விரலைக் கீறி, ஷெட் முழுக்க இரத்தம். ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். தாரணி மருந்துக்கடையில் வேலை செய்கிறவள், இதை வாசித்தால் ஒரு சின்னப் பிளாஸ்ரர்தான் ஒட்டினது என்பாள். அவளுக்கு வலி தெரியாது.

கழற்றிய பைப்பைத் திருப்பி உள்ளே பார்த்தேன். மண்ணிறத்தில் வழுவழுவென்று ஒரு படை. மணந்து பார்த்தேன். அத்தான், அது உங்கள் பியரின் மணம். நாக்கின் ஓரத்தில் நிற்கிற அந்தப் புளிப்பு, பார்லியிலும் இல்லை, குளிர் நாட்டிலும் இல்லை, அந்தப் பைப்புக்குள் குடியிருந்தது.

"கள்ளன் பிடிபட்டான்!" என்று கத்தினேன். "அக்கா, இனிப் பாருங்கோ. பளிங்கு மாதிரிப் பியர். ஒரு சொட்டுப் புளிப்பு இருந்தா என்ரை மீசையை எடுக்கிறன்."

"உனக்கு எங்கை மீசை?" என்றாள் தாரணி.

பழைய பைப்பைக் குப்பைத் தொட்டிக்குள் எறிந்தேன். அக்கா அது விழுகிற சத்தம் கேட்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றா. அந்த நேரம் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

புதுப் பைப்புக்குப் பழைய துளை காணாது. வட்ட அரத்தால் எண்ணெய் விட்டு விட்டு அராவிப் பெருப்பித்தேன். உள்ளே ஒரு ரப்பர் வாசர், வெளியே ஒரு வாசர் போட வேண்டும். நான் வெளியே மட்டும் போட்டுப் பச்சைத்தண்ணியில் சோதித்தேன். ஒரு சொட்டு இல்லை. வீடியோ எடுத்துக் கனடாவில் இருக்கிற சொந்தங்களுக்கு அனுப்பினேன். பிறகு தண்ணியைச் சுடவைத்ததும் ஒழுகத் தொடங்கியது. அந்த வீடியோவை அனுப்பவில்லை. எல்லாவற்றையும் கழற்றித் திரும்பப் பூட்டும்போது, புரியில் சுற்றுகிற வெள்ளை நாடாவை நான் இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்ற அக்கா, "வலமாச் சுத்தடா, கோயில் சுத்துற மாதிரி" என்றா. அப்படித்தான் சுற்ற வேண்டும் என்று எனக்கும் தெரியும். அக்காவைச் சோதிக்கத்தான் மாறிச் சுற்றினேன்.

இறுகியது. கொதித்தாலும் ஒழுகவில்லை. சரி, காய்ச்சுவோம் என்று பார்லியைத் தூக்கினால், அக்கா மறித்துவிட்டா.

"புதுப் பைப் பூட்டினா முதல் பால் காய்ச்சோணும்."

"அக்கா, இது பியர் அண்டா."

"என்ன அண்டாவா இருந்தா என்ன? இந்த வீட்டில ஒரு சாமானும் பால் காய்ச்சாமத் தொடங்கினதில்லை."

"அம்மா மைக்ரோவேவுக்கும் பால் காய்ச்சினவ, மாமா. ஐ வோஸ் தெயர்" என்றாள் தாரணி.

உங்களுக்குத் தெரியும், இந்த விஷயத்தில் அக்காவோடு ஒருவரும் வாதாட ஏலாது. ஷெட் வாசலில் குத்துவிளக்கு. பொயிலருக்குச் சந்தனப் பொட்டு. கடையில் இருந்த பால் முழுவதையும் வாங்கிவந்து ஊற்றினோம். பால் பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிய வேண்டும், அதுதானே சகுனம். ஆனால் அண்டா பெரிது. பால் நுரைத்து எழும்பிப் பாதிக்கும் வராமல் அமர்ந்துபோகிறது. திரும்பவும் எழும்பும், திரும்பவும் அமரும். அக்காவின் முகம் சுருங்கத் தொடங்கியது. அந்த முகத்தோடு இன்னொரு நாளை எங்களால் கடத்த ஏலாது, அத்தான்.

நான் பார்த்தேன். பைப் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது? கிழக்கே. எட்டிக் கைபிடியைத் திருப்பினேன். பால் ஆவியோடு பாய்ந்து ஷெட் தரையில் கிழக்கே ஓடியது.

"பொங்கிப்போட்டுது!" என்று கத்தினேன். தாரணி கை தட்டினாள். அக்கா குனிந்து பால் ஓடுகிற பக்கத்தைப் பார்த்துவிட்டு, "சரி, கிழக்கைதானே போகுது" என்றா. மிச்சப் பாலைப் பைப்பாலேயே இறக்கி, சீனி போட்டு, குத்துவிளக்கைச் சுற்றி நின்று குடித்தோம். அக்கா அரைத் தம்ளர் குடித்தா. பிறகு நான் பொயிலரை வடிவாகத் தேய்த்துக் கழுவினேன். பைப்பைத் திறந்து தண்ணி விட்டேன், பூட்டினேன், திரும்பத் திறந்து விட்டேன். அந்த உருண்டையைச் சுற்றி உள்ளே ஒரு இடுக்கு இருக்கிறது, அதற்குள் ஒரு கரண்டிப் பால் ஒளித்து நின்று புளிக்கும் என்பது எனக்கு இப்போது தெரியும். அப்போதே தெரிந்துதான் விட்டேன் என்று செவன் கிங்ஸ் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். நீங்கள் காட்டிக்கொடுக்க வேண்டாம்.

தை பிறந்ததும் காய்ச்சினேன். பார்லி மணம் வீட்டுக்குள் வந்ததும் அக்கா ஜன்னலைப் பூட்டப் போனா. போனவ பூட்டாமல் அங்கேயே நின்றா. பைப்பைத் திறக்க, ஒரு பூவும் அடைக்காமல் நூல் பிடித்ததுபோல வாளிக்குள் இறங்கியது. அகப்பைக் காம்புக்கு வேலையே இல்லை. வாளியை மூடி, மூடியில் குமிழிக் குழாயைச் சொருகி, படிக்கட்டுக்குக் கீழே வைத்தோம். மறுநாளே அது "குளுக், குளுக்" என்று பேசத் தொடங்கியது.

நான் வந்து வந்து காது வைத்துக் கேட்டேன். அக்காவும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறா. ஒருநாள் மாவரித்துக்கொண்டே சொன்னா, "உந்தச் சத்தம் அவர் தொண்டை செருமுற மாதிரிக் கிடக்கு." அரிதட்டில் இன்னொரு கை மா அள்ளிப் போட்டா. பிறகு, என்னைப் பார்க்காமல்:

"இவ்வளவு வருசம் அவரோடை குடும்பம் நடத்தினன், தேவன். கடைசியில உன்னைக் கூப்பிட்டுப் பைப்பைப் பற்றிச் சொல்லிப்போட்டுப் போயிருக்கிறார். என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. உண்மையாத்தான் கேக்கிறன், நல்லா யோசிச்சுச் சொல்லு. வேற ஒண்டும் இல்லையோ?"

"நேர்ஸ் பக்கத்தில நிண்டவ, அக்கா. அவவையும் கேக்கலாம். பைப் எண்டுதான் சொன்னவர்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? நேர்ஸ் எங்கிருந்து வந்தா? வாயிலிருந்து வந்தது ஒன்றையும் எனக்குத் திரும்ப விழுங்கத் தெரியாது. அக்கா அரிதட்டைத் தட்டி வைத்தா. நான் கோட்டைப் போட்டுக்கொண்டு ஸ்ரேசனுக்கு நடந்தேன். வந்த ரயிலை விட்டுவிட்டு, பிளாட்போமில் அந்தத் தலைக்கும் இந்தத் தலைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அடுத்ததையும் விட்டேன்.

திவசத்துக்கு முதல் நாள், வாளியிலிருந்து இறக்கி அடைத்துவைத்த போத்தல் ஒன்றைத் திறந்து தனியாகச் சுவை பார்த்தேன். புளித்தது. நாக்கின் ஓரத்தில், அதே இடத்தில். பளிங்கு என்று சொன்னவன், மீசையைப் பந்தயம் வைத்தவன், கப்பல் தரப் பைப் பூட்டியவன். அக்கா இதை வாயில் வைத்தால் கவுன்சில் வண்டி வரும், பொயிலர் போகும். உங்களுக்கும் இன்னொரு வருசம் தகரப் பியர்தான். மூலைக்கடைக்கு ஓடினேன். உள்ளதில் நல்ல பியராகப் பார்த்து வாங்கி, உங்கள் பழைய போத்தல் ஒன்றைக் கழுவி, அதில் ஊற்றி மூடி அடித்தேன். என் பியரைப் படிக்கட்டுக்குக் கீழே பின்னுக்குத் தள்ளிவைத்தேன்.

திவசம் சைவமாக, முறையாக நடந்தது. ஐயர் தட்சிணை வாங்கிக்கொண்டு போன பிறகுதான் இறைச்சி சமைக்கிற மற்ற அடுப்பு எரிந்தது. பின்னேரம் உங்கள் படத்துக்கு முன்னால் தலைவாழையிலை. இறைச்சி, நண்டு, பொரியல். ஜெராட் அண்ணையும் வந்திருந்தார், கழுத்துப்பட்டியோடு. நான் போத்தலைக் கொண்டுவந்து, எல்லாரும் பார்க்கும்படி உயர்த்தி, உங்கள் கிளாஸில் ஊற்றினேன். பொன் மாதிரி மின்னியது.

ஜெராட் அண்ணைக்கும் ஒரு வாய் கொடுத்தேன். குடித்தார். இரண்டு கண்ணும் திறந்தபடியே இருந்தன.

"நல்லாயிருக்குத் தம்பி" என்றார். "எந்தக் கடை?"

அக்கா வந்து உங்கள் கிளாஸை எடுத்து மணந்தா. "தேவன், இது கடைப் பியர்."

"இல்லை அக்கா, புதுப் பைப்..."

"விசர்க்கதை கதைக்காதை. அங்கை படிக்குக் கீழை கிடந்து செருமினது எங்கை? அதைக் கொண்டு வா."

கொண்டுவந்தேன். வேறு என்ன செய்ய? கலங்கலாக, நுரையோடு கிளாஸில் ஏறியது. ஜெராட் அண்ணை வாயில் வைத்தார். அவருடைய ஒரு கண் தன்பாட்டில் மூடியது. மூடிய கண்ணைத் திறக்காமல், கிளாஸைப் பிடித்தபடி அப்படியே நின்றார். "தங்கச்சி" என்றார். கிளாஸை அக்காவின் பக்கம் நீட்டினார்.

அத்தான், உங்கள் பெண்சாதி தன் சீவியத்தில் ஒரு துளி பியர் வாயில் வைத்தவவா? உங்கள் படத்துக்கு முன்னால் நின்று குடித்தா. முகத்தைச் சுளித்தா. நிலத்தில் இருந்தா. "இந்த மனுசனுக்கு எத்தினை தரம் சொன்னனான், பைப்பைக் கழற்றிக் கழுவுங்கோ, கழுவுங்கோ எண்டு" என்று தொடங்கினவ, முடிக்கவில்லை. வருசம் முழுக்கக் கட்டிவைத்ததெல்லாம் வந்தது. தாரணி ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். நான் எங்கே நிற்பது என்று தெரியாமல் வாசலுக்கும் குசினிக்கும் இடையில் நடந்தேன்.

பொயிலர் ஷெட்டில்தான் நிற்கிறது. இனி அது எங்கும் போகாது. நான் அப்போதே சொன்னேன் அல்லவா?

இதோடு நிறுத்தியிருக்கலாம். தாள் முடிகிறது, காலும் உளைகிறது. ஆனால் அன்றைக்கு அழுது முடிந்து முகம் கழுவிவிட்டு வந்து, அக்கா மெல்லச் சொன்னது எனக்குள் நின்று குத்துகிறது. "பைப்பைத்தான் நினைச்சவர் எண்டாலும் பரவாயில்லை. என்ரை பெயரையும் ஒருக்கால் சொல்லியிருக்கலாம்." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தா.

அக்கா இதை வாசிப்பா. வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அக்கா, பைப்பை மாற்று என்று அத்தான் சொல்லவே இல்லை. அது நான் கட்டினது. வாசலில் பொயிலர் மழையில் நனைந்துகொண்டு நின்றது, வண்டி வரப்போகிறது, என் வாயில் வந்தது அது. உன்னாலைதான் ஏலும் என்பதும் நான் சேர்த்தது. நேர்ஸும் இல்லை.

நீங்கள் அன்றைக்கு மூக்குக் குழாயை விலக்கியது உண்மை, அத்தான். கேட்டது ஒன்றே ஒன்று, அதுவும் என் அக்காவைப் பற்றி. "கொக்கா சாப்பிட்டவவோ?" எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் இல்லை. "ஓம்" என்றேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

திவசத்தன்று படைத்த இலையை எடுத்து எல்லாருக்கும் பகிர்ந்தோம். அக்கா என் பக்கத்தில் இருந்து, நண்டை உடைத்து, சோற்றைப் பிசைந்து, இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டா. நான் இருந்து பார்த்தேன். முழுக்க இருந்தே பார்த்தேன். ஓம் அத்தான், இப்போது சொல்கிறேன், சாப்பிட்டவ. இனி ஒவ்வொரு ஞாயிறும் வந்து, பக்கத்தில் இருந்து, கோப்பை வெறுமையாகும்வரை பார்த்துவிட்டுத்தான் ரயில் ஏறுவேன். ஒவ்வொரு தையிலும் அந்தப் பொயிலரில் பால் காய்ச்சுவேன். பைப்பை மட்டும் வடிவாகக் கழுவமாட்டேன்.

இருக்கப் பழகிக்கொண்டிருக்கும்
உங்கள் மச்சான்,
தேவன்